அண்ணன் வேலை பார்த்த விமான நிலையம்

மாட்டுங்காவில் விசாலத்தின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த அன்று அங்கே அரிசி தீர்ந்திருந்தது. அந்த வாரம் ரேஷன் கடையில் கோதுமை மட்டும்தான் போட்டார்களாம். "கொழும்புலேர்ந்து வந்தவளுக்கு முதல் நாளே சப்பாத்தியைப் போடறேனே" என்று புலம்பிக்கொண்டே அவள் அடுப்படியில் நின்றாள். எங்கள் ஊரிலும் கூப்பன் அரிசிதான், அதற்கும் வரிசைதான் என்று சொல்லி, கொண்டு போயிருந்த தேயிலைப் பொட்டலத்தையும் கித்துள் பனைக் கருப்பட்டியையும் எடுத்து வைத்தேன். கருப்பட்டியை அவள் மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விசாலமும் நானும் கொழும்பில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் ஆசிரியைகளாக இருந்தோம். அவள் பூகோளம், நான் கணக்கு. பிறகு பிரஜா உரிமைக் காகிதங்களில் சிக்கல் வந்து, அவள் கணவர் ராமசேஷன் குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்து ஒரு கப்பல் கம்பெனியில் சேர்ந்துகொண்டார். பாலக்காட்டுக்காரர்கள். மீன் சாப்பிடுகிற கிறிஸ்தவப் பெண்ணான என்னைத் தங்கள் சமையலறைக்குள்ளேயே உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள்.

என்னை பம்பாய்க்கு வரவழைத்தது ராமசேஷன் எழுதிய ஒரு கடிதம். கடலோரத்தில் இருக்கும் பழைய விமானத்தளத்துக்கு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். பெரிய விமானங்கள் எல்லாம் சாந்தாகுரூஸுக்குப் போய்விட்டதால் அந்தப் பழைய கட்டடம் பல வருடம் பூட்டிக் கிடந்ததாம். இப்போது அதைப் பழுது பார்த்து, விமானம் பறக்கத் தொடங்கிய காலத்துச் சாமான்களை வைத்துக் காட்சிசாலை ஆக்கியிருக்கிறார்கள். சுவரில் ஒரு போட்டோ. ஒரு சிறிய விமானத்தின் முன்னால் ஐந்து பேர். "நாலாவது ஆள், கிரேஸ் டீச்சருக்குத் தொப்பி போட்டதுபோல் இருக்கிறார். உங்கள் தமையன் பம்பாயில் விமான வேலையில் இருந்ததாக நீங்கள் ஒரு முறை சொன்னது ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தார்.

ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் ஐசக்கைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை.

ஐசக் என் ஒரே அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். அண்ணனையும் அதே கடையில் உட்கார வைத்தார். அவன் இருபது வயதில் சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்குப் போய்விட்டான். தாராவியில் எங்கள் ஊர் ஆட்கள் இருந்தார்கள். அவர்களோடு தங்கி விமானத்தளத்தில் வேலைக்குச் சேர்ந்ததாக எழுதினான். மூன்று வருடம் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தந்தியும், கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் நான்கு வரிக் கடிதமும் வந்தன. உத்தரவை மீறி, சுழலும் புரொப்பெல்லருக்கு அருகே போனதால் இறந்தான் என்று அதில் இருந்தது.

அப்பா அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். "வீட்டுலயும் சொன்ன பேச்சு கேக்கல, அங்கயும் கேக்கல" என்றார். அழவில்லை. சாகும் வரை அவர் அவனைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். அம்மா அவன் பெயரை ஜெபத்தில்கூடச் சத்தமாகச் சொல்லமாட்டாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது நாற்பத்து மூன்று. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அவன் முகம் சரியாக ஞாபகம் இருக்கிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு என்று பம்பாயில் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ராமசேஷன் என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, "மாஹிம், பாந்த்ரா, கார், அதுக்கப்புறம் சாந்தாகுரூஸ். எண்ணிண்டே போங்கோ" என்று சொல்லி ஆபீசுக்குப் போனார். எண்ணிக்கொண்டுதான் போனேன். ஆனால் சாந்தாகுரூஸ் வந்ததும் நான் எழுந்து நிற்பதற்குள் ஏறுகிற கூட்டம் என்னைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டது. வண்டி புறப்பட்டுவிட்டது. எதிரே தரையில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு மராத்தியில் என்னவோ சொன்னாள். பக்கத்திலிருந்த காலேஜ் பெண் எனக்கு அதை இங்கிலீஷில் சொன்னாள்: "முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிட வேண்டுமாம். இது என்ன உன் மாமியார் வீடா, வந்து அழைத்துக்கொண்டு இறக்கிவிட என்று கேட்கிறாள்."

கொழும்பில் வெள்ளவத்தைக்குப் போகிற ரயிலில் இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். இங்கே ஒதுங்க இடம் ஏது? வில்லேபார்லேயிலும் அதே கதைதான். கடைசியில் அந்தேரியில் அந்த மீன்கார அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, கூடையை முன்னால் இடித்துக்கொண்டு, என்னை இழுத்து இறக்கிவிட்டாள். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணவில்லை. எதிர் வண்டியில் திரும்பி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கடலோரம் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

கட்டடம் நான் நினைத்ததைவிடச் சிறியது. எங்கள் பள்ளிக்கூட மண்டபம் அதைவிடப் பெரிது. புதிதாக வெள்ளையடித்து, ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். மூலைகள் கப்பலின் முன்பக்கம் மாதிரி வளைந்திருந்தன. மாடிக்கு மேலே, சுற்றிலும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அங்கே நின்றுதான் விமானங்களுக்குக் கொடி காட்டுவார்களாம். வெளியே புல்வெளி, அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் கடல்.

காட்சிசாலையைப் பார்த்துக்கொள்பவர் தாராப்ஜி என்ற பார்சிக் கிழவர். விமான எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று வந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் அவரே கூட நடந்தார். பயணிகளை மூட்டை முடிச்சோடு சேர்த்து எடை பார்த்த பெரிய தராசைக் காட்டி, "ஆள் கனமாக இருந்தால் தபால் பை ஒன்றை இறக்கிவிடுவோம். தபால் முக்கியமாக இருந்தால் ஆளை இறக்கிவிடுவோம்" என்றார். சிரிக்கவில்லை. தேக்குப் பெஞ்சுகள், டிக்கெட் ஜன்னல், கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கும் கொழும்புக்கும் சிவப்புக் கோடு போட்ட வரைபடம், கம்பியில்லாத் தந்தி யந்திரம். "எதையும் மாற்றவில்லை. விளக்குச் சுவிட்சுகள்கூட அன்றைக்குப் போட்டவைதான்" என்று சொல்லி, பித்தளை மூடி போட்ட ஒரு சுவிட்சைக் கீழே தட்டினார். நடு அறையில் விளக்கு எரிந்தது.

அந்த அறையில்தான் போட்டோ இருந்தது.

அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஐசக் நின்றான். ஒரு கை புரொப்பெல்லரின் மேல். நான் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது இருந்ததைவிடக் கறுத்திருந்தான், நெஞ்சு அகன்றிருந்தது. எனக்கு அவன் எப்போதும் பெரியவன். அங்கே நின்று பார்த்தபோது என் வகுப்பில் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் தம்பிமாரைப் போல் இருந்தான். கீழே ஒட்டிய சீட்டில் விமானியின் பெயர் இருந்தது. தலைமை இன்ஜினியரின் பெயர் இருந்தது. பிறகு, "மற்றும் தரை ஊழியர்கள்" என்று இருந்தது.

"இவன் என் அண்ணன்" என்றேன். என்னோடு கொண்டுவந்திருந்த கம்பெனிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

தாராப்ஜி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். உள்ளே போய், செல்லரித்த நீளமான ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். கடிதத்திலிருந்த அதே வாக்கியம் அதிலும் இருந்தது. கீழே தலைமை இன்ஜினியரின் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி என்று ஒரு இடது கைப் பெருவிரல் ரேகை. மாணிக்கம், மூட்டை ஏற்றும் லோடர்.

"நான் அப்போது கராச்சியில் இருந்தேன்" என்றார் தாராப்ஜி. "இன்ஜினியர் இறந்துவிட்டார். இந்த மாணிக்கம் இருக்கிறார். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டோம், வந்திருந்தார். இந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றார். டிபன்கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்." அவர் பார்வை என்னைத் தாண்டிச் சுவருக்குப் போனது. அங்கே மரத்தாலான ஒரு புரொப்பெல்லர் மாட்டியிருந்தது. ஒரு நுனியில் பித்தளைத் தகடு மடங்கியிருந்தது. தரையில் சேதமடைந்தது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள்.

"அதேதானா?" என்று கேட்டேன்.

"அதேதான் அம்மா. முதலிலேயே சொல்லாததற்கு மன்னித்துவிடுங்கள்."

தொடலாமா என்று கேட்டேன். முன்னால் கட்டியிருந்த கயிற்றை அவர் அவிழ்த்துவிட்டார். மரம் வழவழப்பாக, சாய்வு நாற்காலியின் கை மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தேன், கொடுத்த, பால்கோவா கலந்த மாவா கேக்கையும் தின்றேன். அது ருசியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது. அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

மாணிக்கத்தின் விலாசம் தாராவி. சனிக்கிழமை காலையில் விசாலமும் என்னோடு கிளம்பிவிட்டாள். "தனியா போகப்படாது நீ" என்றாள். ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் தோல் பதனிடும் நெடி முதலில் வந்து முகத்தில் அடிக்கிறது. விசாலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நெடியைவிடப் பேச்சுத்தான் முதலில் தைத்தது. "ஏ மக்கா, அங்கன நிக்காத!" "எங்க போறிய, யாரத் தேடுதிய?" அம்மாவின் பேச்சு. கொழும்பில் நாங்கள் பள்ளிக்கூடத் தமிழுக்கும் கடைத் தமிழுக்கும் நடுவே அதைத் தொலைத்துவிட்டிருந்தோம். இங்கே சாக்கடையோரம் துணி துவைக்கிறவர்கள் அதைச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றை அறை வீடு. மேலே ஏறிப் படுக்க ஒரு பரண், இயேசு படம், தையல் மிஷின். மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் எஸ்தர், மாணிக்கத்தின் மகள். முப்பதை ஒட்டிய வயது. நாங்கள் யார் என்று அவள் கேட்பதற்குள், உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நரைத்த தலை, கட்டுமஸ்தான தோள்.

"ஐசக் தங்கச்சியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"உக்காருங்க. எஸ்தரு, காப்பி போடு." அவர் மட்டும் உட்காரவில்லை. காப்பி வந்ததும் எஸ்தர் மரியாதைக்காக வெளியே போகப் பார்த்தாள். "நீயும் இரு. நீயும் கேளு" என்றார்.

நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மழைக்கி முந்தி கடசி வாரம். மழ வந்துட்டா அந்தத் தரை சகதியாயிரும், பிளேன் எறங்காது. அதனால எல்லாத்துக்கும் அவசரம். இன்ஜினியர் சாப் உள்ள ஒக்காந்து சுவிட்ச பாத்துக்கிடணும், ஐசக்கு வெளிய நின்னு காத்தாடியக் கையால சுத்தணும். அதான் சட்டம். சுத்துததுக்கு முந்தி அவன் 'சுவிட்ச் ஆஃப்?'னு கேப்பான். உள்ள இருக்கவிய பாத்துட்டு 'ஆஃப்'னு சொன்னாத்தான் கைய வைப்பான். ஆஃப்ல இருந்தா மொதல்ல சும்மா சுத்தி பெட்ரோல உள்ள இழுக்கலாம், ஆன்ல இருந்தா கைய வச்ச ஒடனே எஞ்சின் புடிச்சிரும். ஒரு நாளும் கேக்காம வச்சதில்ல. அன்னைக்கி சாப்புக்கு போன் வந்துது. நான் தபால் மூட்டை ஏத்திக்கிட்டு நின்னேன். 'ஏ மாணிக்கம், நீ உள்ள ஒக்காரு, அவன் கேட்டா ஆஃப் பண்ணிட்டு ஆஃப்னு சொல்லு'ன்னுட்டுப் போயிட்டாவ. எனக்கு அதுக்கு முந்தி பிளேனுக்குள்ள ஒக்காந்த பழக்கம் கெடையாது."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்க ஊருல அப்ப கரண்டு ஏது? நான் பாத்த சுவிட்சு எல்லாம் அந்தக் கட்டடத்துல உள்ள வெளக்கு சுவிட்சுதான். கீழ தள்ளுனா எரியும், மேல தள்ளுனா அணையும். பிளேன்ல ரெண்டு சுவிட்சு கீழ பாத்து இருந்துது. அப்ப எரியுதுல்லான்னு நெனச்சி ரெண்டையும் மேல தள்ளுனேன். பிளேன்ல அது நேர்மாறு. மேல தள்ளுனா ஆன். எனக்கு அது தெரியாது. ஐசக்கு கேட்டான். 'ஆஃப்'னு சொன்னேன். அவன் என்னயப் பாத்துச் சிரிச்சான், நான் சாப் சீட்டுல ஒக்காந்துருக்கேன்னு. கைய வச்சான்."

விசாலம் என் தோளைத் தொட்டாள். நான் விலக்கிவிட்டேன்.

"சாப் ஓடி வந்தாவ. அவியளுக்கு ஒடனே வெளங்கிட்டு. படிக்காத லோடர ஒக்கார வச்சதுக்கு அவிய வேல போயிரும். 'ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவணும், ஒம் பொண்டாட்டி மாசமா இருக்கா'ன்னாவ. எழுதுனாவ. நான் விரல வச்சேன். என்ன எழுதிருக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்."

எஸ்தர் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்தபடி நின்றாள். அன்று அந்த வயிற்றில் இருந்தவள் அவள்தான்.

"எங்கப்பா சாகும்போதும், மகன் சொல் பேச்சு கேக்காமச் செத்தான்னு நெனச்சுக்கிட்டுத்தான் செத்தார்" என்றேன். "அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் அப்ப வாயத் தொறந்திருப்பேனான்னு எனக்குத் தெரியல" என்றார்.

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் வந்ததும் விசாலம் ஒரு ஓட்டலுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, இரண்டு காப்பி சொன்னாள். பக்கத்து மேசையில் இரண்டு குஜராத்தி ஆட்கள் இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அவர் சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை, கிரேஸ்" என்றாள் மெதுவாக.

"அதுக்காக நான் அவருக்கு நன்றி சொல்லணுமா?"

"நான் அப்படிச் சொல்லலைடி."

அவளிடமும் கோபித்துக்கொண்டேன். கொழும்பில் ஒன்பது வருடத்தில் அவளிடம் நான் கோபித்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். எஸ்தர் நின்றாள். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ஓட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே பின்னால் வந்துவிட்டாளாம். கூப்பிட தைரியம் வராமல் வீடு வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், மறுபடி வந்திருக்கிறாள்.

"அப்பா நாளைக்கி சர்ச்சு முடிஞ்சி அந்தப் பழைய ஏர்போர்ட்டுக்கு வாறாவளாம். அங்க உள்ள பெரியவர்ட்ட எல்லாத்தயும் சொல்லுதாவளாம். நீங்க வருவியளான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ" என்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்றுகொண்டாள். "எனக்கும் எங்கப்பா மேல கோவமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன். எங்க வீட்டுக்குக் கரண்டு வந்து நாலு வருசம் ஆச்சு. எங்கப்பா ஒரு நாளும் சுவிட்சத் தொட்டதில்ல. இருட்டுல ஒக்காந்திருப்பாவளே தவிர, போட மாட்டாவ. நான் வந்துதான் லைட்டப் போடணும். கஞ்சத்தனம்னு நெனச்சி எத்தனயோ தடவ கத்திருக்கேன். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் போன பிறகு நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணனுக்காகவா, அப்பாவுக்காகவா, அந்த மனிதருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இந்த முறை கார் ஸ்டேஷனிலேயே எழுந்து வாசலில் நின்றுகொண்டேன். சாந்தாகுரூஸில் ஒழுங்காக இறங்கினேன். மாணிக்கம் எனக்கு முன்பே வந்து, கட்டடத்துக்கு வெளியே சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்.

தாராப்ஜியிடம் அவர் இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி சரியாகத் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்று அவருடைய கையைப் பார்த்தே தெரிந்தது. இரண்டு விரலால் மேலே தள்ளிக் காட்டினார். தாராப்ஜி நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நான் நம்புகிறேன்" என்றார் என்னிடம் இங்கிலீஷில். "நானும் அந்த வேலைதான் பார்த்தேன். மேலே தள்ளினால் ஆன், அதை மறந்து எத்தனை பேர் கை ஒடிந்திருக்கிறது. ஆனால் இன்ஜினியரின் மனைவி உயிரோடு இருக்கிறாள். அந்தப் புரொப்பெல்லரை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து எங்களுக்குக் கொடுத்தவள் அவள். செத்துப்போனவர் வந்து பதில் சொல்ல முடியாது, அம்மா."

"என் அண்ணனும் முப்பது வருஷமாகப் பதில் சொல்ல முடியாமல்தான் இருந்தான்" என்றேன்.

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இன்ஜினியர் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் புரிந்துகொள்ளட்டும். சம்மதமா?"

சம்மதித்தேன். அவர் எழுதினார், நான் படித்தேன், சில சொற்களை அடித்தோம். தபால் விமானத்தின் புரொப்பெல்லர். இதைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது உயிர்விட்டவர் ஐசக், வயது இருபத்து மூன்று. சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று விதிப்படி கேட்டு, அணைந்திருக்கிறது என்ற பதில் வந்த பிறகே அவர் இதில் கை வைத்தார்.

மாணிக்கத்துக்கு அதை நான் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பதில் சொன்னது யாருன்னு எழுதலியே" என்றார். "எழுதச் சொல்லுங்க. எம் பேர போடச் சொல்லுங்க."

தாராப்ஜிக்கு மொழிபெயர்த்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது உங்கள் முடிவு" என்றார். தாராவிக்காரர்கள் யாராவது இங்கே வருவார்கள். சர்ச்சில் பேசுவார்கள். எஸ்தரை நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்தபோது, வேண்டாம் என்பது அவருக்குச் செய்கிற உதவி இல்லை என்று தோன்றிற்று.

"எழுதுங்கள்" என்றேன். "பதில் சொன்னவர் மாணிக்கம் என்று போடுங்கள். பதில் தவறு என்று தானாக இங்கே வந்து சொன்னவரும் அவரே என்றும் சேர்த்துப் போடுங்கள்."

தாராப்ஜி பழைய டைப்ரைட்டரில் தானே அடித்தார். போட்டோவுக்கு ஒரு சிறிய சீட்டு, புரொப்பெல்லருக்கு ஒரு பெரிய சீட்டு. 'மற்றும் தரை ஊழியர்கள்' என்ற இடத்தில் ஐசக்கின் பெயரும் மற்ற இருவரின் பெயரும் வந்தன. அவர்கள் யாரென்று மாணிக்கத்துக்குத் தெரிந்திருந்தது. பசை காய்கிறவரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். யாரோ ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து தராசில் ஏறி இறங்கிச் சிரித்தது. பிறகு அந்தக் குடும்பத்துத் தகப்பனார் புரொப்பெல்லர் அருகே வந்து புதிய சீட்டைப் படித்தார். படித்து முடித்ததும் குழந்தைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அடக்கினார்.

நானும் மாணிக்கமும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் கடுமையாக இருந்தது. மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவரை மன்னித்துவிட்டேனா என்று விசாலம் அன்று மாலை கேட்டாள். இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நிறுத்தத்தில் என் மனதில் இருந்தது அது இல்லை. இருபது வயதில் எங்களை விட்டுப் போனவன் இருபத்து மூன்று வரை எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

"அவன் இங்க என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "மீனுன்னா உயிரு. ஆனா முள்ளு எடுக்கத் தெரியாது. நான்தான் எடுத்துக் குடுப்பேன்" என்றார். "வீட்டுல தங்கச்சி எடுத்துத் தருவாம்பான்."

அது உண்மை. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். எனக்கே மறந்துபோயிருந்தது.

"பாட்டுப் பாடுவானா?"

"பாடுவான். கேக்கத்தான் முடியாது. சர்ச்சுல பாதிரி ஐயரே வந்து, தம்பி நீ மனசுக்குள்ள பாடுன்னு சொல்லிட்டாவ." சொல்லிவிட்டு அவர் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐசக்கின் பேச்சை எடுத்து எங்கள் குடும்பத்தில் யாரும் சிரித்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

பஸ் வந்தது. அவர் ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தி, "ஏறுங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்டார். கண்டக்டர் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது போகட்டும்" என்றேன்.

"அடுத்தது வர அரை மணி ஆவும். வெயிலா இருக்கே."

"இருக்கட்டும். வேற என்ன சொல்லுவான்?"